மரம் சாகாமல் பால் எடுக்க வேண்டும்!
நெருக்கடிக் காலத்தில் நமக்கென்று ஒரு தொழில்



சுங்கை ஊடாங் என்றால் மலாய் மொழியில் இறால் ஆறு என்று பொருள். மலாக்கா நகரிலிருந்து மஸ்ஜித் தானா போகும் சாலையில் இந்த ஊரைத் தாண்டாத நம்மவர் குறைவு. இன்று அங்கே தெரண்டாக் இராணுவ முகாம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. மாநிலத்துக் குப்பையெல்லாம் வந்து சேரும் கிடங்கும் இருக்கிறது. வீடமைப்புப் பகுதிகளோ நாளுக்கு நாள் பெருகுகின்றன. பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் மாநிலம் முழுவதுமே சிறுகச் சிறுகச் சுருங்கி வருகிறது.

தோட்டம் சுருங்கினால் யாருக்கு என்ன? முதலாளிக்கு நிலம் விற்ற பணம் கிடைக்கும். வாங்கியவருக்கு வீடு கட்டி விற்ற இலாபம் கிடைக்கும். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் வேர்வை சிந்தியவனுக்கு என்ன கிடைக்கும்? "வீட்டைக் காலி பண்ணு" என்ற கடிதம்தான் கிடைக்கும். வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும். நம் சமுதாயம் பட்ட அடிகளில் பெரிய அடி இதுதான்.

"அதுக்கு நாம என்னங்க செய்யிறது? நாம கூலிக்காரங்கதானே!" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இன்றைய கட்டுரை. நெருக்கடி வந்தபோதெல்லாம் இந்த மண்ணில் யாரோ ஒருவர் புதிய தொழிலைக் கண்டுபிடித்திருக்கிறார். அவற்றில் ஒன்றை நம் பாட்டாளிகளே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

கத்தி பிடித்தவனுக்குத் தெரியாதா?

இப்போது எங்கே பார்த்தாலும் "நிலைத்தன்மை" என்று பேசுகிறார்கள். பெரிய மாநாடு போடுகிறார்கள். கேட்டால் என்னமோ ஏதோ என்று இருக்கிறது. ஆனால் பால்மரம் சீவிய கைக்கு இது புதிய பாடம் அல்ல.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பட்டையைச் சீவுகிறோம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அன்றைக்கு இரண்டு சொட்டுப் பால் கூட வரலாம். ஆனால் மரத்தில் காயம் விழும். புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அந்த இடத்தில் கத்தி ஓடாது. கங்காணி மரத்துக்கு மரம் வந்து காயம் பார்த்ததும், "என்னா வெட்டு வெட்டியிருக்கே?" என்று சத்தம் போட்டதும் இதற்காகத்தான். பட்டையை அளவோடு சீவினால் அதே மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் குடும்பத்துக்குச் சோறு போடும்.

இன்றைக்கு வயிறு நிறைய வேண்டும். நாளைக்கும் மரம் உயிரோடு இருக்க வேண்டும். நிலைத்த தொழில் என்பது இவ்வளவுதான். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் மலாக்காவின் கதையைப் பார்ப்போம்.

மரவள்ளி கெடுத்த மண்

ரப்பர் வருவதற்கு முன்பு மலாக்காவில் கொடிகட்டிப் பறந்தது மரவள்ளி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை அழித்து மரவள்ளி போட்டார்கள். மாவு காய்ச்சும் அடுப்புக்கும் அதே காட்டு மரம்தான் விறகு. சில போகம் எடுத்ததும் மண் சத்து இழந்துவிடும். உடனே அந்த நிலத்தை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விட்ட இடத்தில் முளைத்தது லாலாங் புல்தான். மரத்தை ஆழ வெட்டிய கதைதான் அதுவும்.

மரவள்ளிக்கு மண் போயிற்று. காப்பி நட்டவர்களுக்கு விலை போயிற்று. அந்த நேரத்தில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ரிட்லி என்ற வெள்ளைக்காரர் இருந்தார். 1888-இல் பொறுப்புக்கு வந்தவர். சட்டைப் பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு பார்ப்பவரிடமெல்லாம் "இதை நடுங்கள்" என்று கெஞ்சினார். தோட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் "பைத்தியக்கார ரிட்லி". மரத்தைக் கொல்லாமல் அதே காயத்தை நாள்தோறும் மெல்லத் திறந்து பால் எடுக்கும் முறையைச் செய்து காட்டியவர் அவர்தான். இன்றைக்கும் நாம் சீவுவது அந்த வழியில்தான்.

அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒரு மலாக்காக்காரர். தான் சாய் யான் என்ற சீனர். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது! பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார். சில ஆண்டுகளில் அந்தத் தோட்டம் போட்ட முதலைப் போலப் பல மடங்கு விலைக்குப் போயிற்று.

கெட்டுப்போன தொழிலைக் கட்டிக்கொண்டு அழாமல் மாற்றுத் தொழிலைத் தேடினார் ஒருவர். நாட்டின் தலையெழுத்தே மாறியது. ஆனால் அந்தத் தோட்டங்களில் காடு வெட்டி, மரம் நட்டு, பால் சீவிய நம் பாட்டன் பூட்டனுக்கு அந்த இலாபத்தில் பங்கு வந்ததா? வரவில்லை. ஏன்? உழைப்பு நம்முடையது, நிலம் நம்முடையதல்ல.

விலை விழுந்தால் முதலில் விழுவது யார்?

1930-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. நாளுக்கு 50 காசாக இருந்த ஆண் தொழிலாளியின் சம்பளம் 40 காசாகக் குறைக்கப்பட்டது. பெண்களுக்கு 40 காசு 32 காசாயிற்று. அதற்குப் பின்னும் குறைத்தார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். வரும்போது "வா, வா" என்றவர்கள், விலை விழுந்ததும் "போ, போ" என்றார்கள்.

தங்கியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கீரை போட்டார்கள். மாடும் ஆடும் கோழியும் வளர்த்தார்கள். சாணி கீரைக்கு உரம், கீரைத் தண்டு ஆட்டுக்குத் தீவனம், பால் பிள்ளைக்கு, மிச்சம் விற்பனைக்கு. எதையும் வீணாக்காமல் ஒன்றின் கழிவை இன்னொன்றுக்கு உணவாக்குவதை இன்று பெரிய படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். நம் ஆத்தாமார்கள் அதைப் பெயர் வைக்காமலே செய்தார்கள்.

துண்டாடல் என்ற பூதம்

1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. முழுத் தோட்டமாக வாங்கித் துண்டு துண்டாக விற்றால் ஏக்கருக்கு அதிக விலை கிடைக்கும் என்று தரகர்கள் கண்டுகொண்டார்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஐந்து ஏக்கரும் பத்து ஏக்கருமாகச் சிதறியது. சிறு துண்டு வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஆயக்கொட்டகையும் வேண்டாம். தமிழ்ப் பள்ளியைப் பற்றி அவருக்கு என்ன கவலை? வேலை போனவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதியது நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அப்போது அமைச்சராக இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். "தோட்டத்தை விற்காதே" என்று முதலாளியிடம் கெஞ்சுவதால் பயனில்லை என்று அவர் கண்டார். விற்பது நிச்சயம் என்றால் வாங்குவது ஏன் தொழிலாளியாக இருக்கக் கூடாது? இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஆண்டு 1960.

ஒரு பங்கு 100 வெள்ளி. அதையும் மொத்தமாகக் கட்ட முடியாதே! மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அன்றைக்கு 10 வெள்ளி என்பது பல நாள் கூலி. துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் கூடப் போனார். கோயில் வாசலிலும் பள்ளித் திடலிலும் பேசினார்கள். "பால்மரம் வெட்டுறவன் தோட்டம் வாங்கப் போறானாம்!" என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். "கட்டின காசு திரும்ப வருமா?" என்று பயந்தவர்களும் இருந்தார்கள். பயம் நியாயமானதுதான், ஏமாந்து ஏமாந்து பழகிய சமுதாயம் அல்லவா?

1961-ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுதான் முதல் தோட்டம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வந்தன. பங்கு கட்டியவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடவும் தடுமாறிய தோட்டப் பாட்டாளிகள். 1979-இல் துன் சம்பந்தன் மறைந்தார். சங்கம் மறையவில்லை. இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற கட்டடம் நிற்கிறது. உறுப்பினர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவியும் போகிறது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் மீட்க முடியவில்லை. சங்கத் தோட்டத்தில் வேலை செய்தவரும் கூலிக்குத்தான் வேலை செய்தார். ஒரு பங்கு வைத்திருந்தவர் பணக்காரராகிவிடவில்லை. ஆனாலும் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டது: ஒருவன் பத்து வெள்ளிக்கு ஒரு பிடி மண் கூட வராது, ஆயிரமாயிரம் பேர் பத்து வெள்ளிக்குத் தோட்டமே வரும். சிறு துளி பெருவெள்ளம் என்று பள்ளியில் படித்தோமே, அதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

சேமநிதியில் விழுந்த காயம்

நம் காலத்து நெருக்கடிக்கு வருவோம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் லாரி ஓட்டியவர், கடையில் நின்றவர், தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கினார்கள். சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அரசாங்கம் நான்கு முறை அனுமதித்தது. நாடு முழுவதும் எடுக்கப்பட்டது சுமார் 14,500 கோடி வெள்ளி. பசி எடுத்தவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது பட்டையில் ஆழ இறங்கிய வெட்டு. முதுமைக்காக வைத்த பட்டை அது. காயம் ஆற வேண்டுமானால் இனி வேறு வருமானம் வேண்டும்.

அதே நாட்களில் பல வீடுகளில் பெண்கள் அடுப்பை மூட்டினார்கள். தோசை மாவு, முறுக்கு, ஊறுகாய், மசாலைத் தூள் என்று கைத்தொலைபேசியிலேயே விற்பனை நடந்தது. கட்டுப்பாடு நீங்கிய பிறகு பலர் நிறுத்திவிட்டார்கள். விடாமல் பிடித்தவர்கள் இன்று அதை வைத்துப் பிழைக்கிறார்கள். நெருக்கடி விதை போடும். தண்ணீர் ஊற்றுவது நம் வேலை.

குப்பையிலும் காசு உண்டு

"முதல் எங்கேங்க இருக்கு?" என்ற கேள்வி வரும். பிறர் கழிவு என்று ஒதுக்குவதைப் பாருங்கள். அங்கே முதல் குறைவு.

கிழட்டு ரப்பர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் நின்ற மரத்தை வெட்டி எரிப்பார்கள்; இல்லாவிட்டால் விறகாகப் போகும். பூச்சி அரிக்கும், பூஞ்சை பிடிக்கும் என்று யாரும் மேசை நாற்காலிக்குத் தொடமாட்டார்கள். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் மருந்தேற்றிப் பதப்படுத்தும் முறை கண்டார்கள். 1980-களில் அதே மரம் நாற்காலியாகவும் கட்டிலாகவும் கப்பல் ஏறியது. பக்கத்து மூவார் அந்தத் தொழிலால் பேர் பெற்றது. எரித்த பொருள் ஏற்றுமதிப் பொருளானது!

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றைப் பார்த்திருப்பீர்கள். பழம் உதிர்ந்த வெறுங்குலையை இப்போது எரிப்பதில்லை, மரத்தடியில் பரப்புகிறார்கள். வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே அடுக்குகிறார்கள். எலியைப் பிடிக்க விஷத்துக்குப் பதில் ஆந்தைக்குக் கூண்டு வைக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டிலிருந்து மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயமாகியுள்ளது. அந்தச் சான்றிதழில் மண்ணையும் ஆற்றையும் மட்டும் பார்ப்பதில்லை. தொழிலாளியின் வீடு, தண்ணீர், சம்பளம், பாதுகாப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அதே 2020-இல் கட்டாய உழைப்புப் புகாரினால் நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. தொழிலாளியை வதைத்து எடுத்த எண்ணெய் விலைபோகாது என்ற காலம் வந்திருக்கிறது. இது நம் கையில் உள்ள பலம். தணிக்கைக்கு ஆள் வரும்போது லயத்துக் கூரை ஒழுகுவதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

சுங்கை ஊடாங் குப்பைக் கிடங்கையும் நினைத்துப் பாருங்கள். குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போட வேண்டும் என்பது மலாக்காவில் 2015 செப்டம்பர் முதல் சட்டம். தாள், பிளாஸ்டிக், தகரம் வேறு. சமையல் கழிவு வேறு. நாம் எத்தனை பேர் பிரிக்கிறோம்? பிரித்த தாளும் தகரமும் காசு. காய்கறித் தோலும் பழைய சோறும் சாணியோடும் காய்ந்த இலையோடும் சேர்ந்து மக்கினால் உரம். மழை படாமல் மூடி, வாரம் ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாகிவிடும். வீடமைப்புப் பகுதியில் பூச்செடி வளர்ப்பவர்கள் அதைப் பை பையாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மாடு வைத்திருக்கும் நம்மவருக்கு இதில் போட்ட முதல் என்ன? உடம்பு உழைப்புத்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்

இவ்வளவும் சொல்லிவிட்டு எச்சரிக்காமல் போனால் தப்பாகிவிடும்.

கூட்டுறவு என்ற பெயர் மட்டும் போதாது. 1986-இல் இந்த நாட்டில் மக்களிடம் பணம் திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் சேமிப்பு சிக்கிக்கொண்டது. கணக்குக் கேட்காத உறுப்பினரும், கணக்குக் காட்டாத தலைவரும் சேர்ந்தால் எந்தச் சங்கமும் கவிழும். ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பிவிடாமல் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

தொழிலுக்கு முதல் வேண்டுமென்று வட்டி முதலைகளிடம் போகாதீர்கள். தெக்குன் நேஷனல் நம் சமுதாயத்தாருக்கென்று ஸ்புமி என்ற கடன் திட்டத்தை நடத்துகிறது. 1987-இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் சிறு கடன் கொடுக்கிறது. நிபந்தனையைக் கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். நடுவில் "நான் வாங்கித் தரேன், கமிஷன் கொடு" என்று வருபவனை வாசலிலேயே நிறுத்துங்கள். "ஆயிரம் போட்டால் மூன்று மாதத்தில் மூவாயிரம்" என்று ஆசை காட்டுபவனையும் அப்படியே. ஒரே நாளில் மூன்று வாளிப் பால் கொடுக்கும் மரம் உலகத்தில் இல்லை!

சேமநிதிப் பணம் முழுவதையும் ஒரே தொழிலில் கொட்டாதீர்கள். கையிலுள்ள வேலையை விடாமல், சனி ஞாயிறில், சின்ன அளவில் ஆரம்பியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவும் செலவும் எழுதுங்கள். வீட்டுச் செலவுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே டப்பாவில் கிடந்தால் தொழில் தேறாது. ஆறு மாதம் கணக்கு எழுதிப் பார்த்து மிச்சம் இருந்தால் அடுத்த படி. இல்லாவிட்டால் நட்டம் சிறிதாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம்.

முடிந்தால் தனியாக இறங்காதீர்கள். ஐந்து குடும்பம் சேர்ந்தால் மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கலாம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடலாம். கோயில் திருவிழாவுக்கு இலட்சக் கணக்கில் வசூலித்துக் கணக்கு வைக்கத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

தோழர்களே! நாம் வேலை செய்யும் தோட்டம் இன்னும் எத்தனை வருடம் தோட்டமாக இருக்கும் என்பதை நம்மைக் கேட்டு முடிவு செய்ய மாட்டார்கள். அந்தக் கடிதம் வந்த பிறகு ஓடுவதா, வருவதற்கு முன்பே வேர் ஊன்றுவதா? 1960-இல் நம் தாத்தாமார் மாதம் பத்து வெள்ளியை எடுத்து வைத்தார்கள். அவர்களுக்குப் படிப்பு இல்லை, துணிச்சல் இருந்தது. நமக்குப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைப் பேசுங்கள்: "நாளைக்கு இந்த வீடு இல்லேன்னா, நம்ம கையில என்னா இருக்கு?"

பதில் "ஒண்ணுமில்லே" என்று வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்த சம்பளத்தில் பத்து வெள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள்.